முதல் ஃபைபர் படகு வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினம் பக்கத்தில் ஃபைபர் படகும், படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினும் பழுதுபார்க்கும் பட்டறை எங்களுடையது. படகு வாங்குவதற்கு முன்னால் வந்து கேட்பவர்கள் குறைவு. வாங்கி ஆறு மாதம் கழித்து, எஞ்சின் மாட்டும் பின்பலகை விரிந்த பிறகோ கடன் கழுத்தை நெரிக்கும்போதோ வருகிறவர்களே அதிகம். முன்னாலேயே கேட்டிருந்தால் அவர்களில் பலருக்கு அந்தச் செலவே வந்திருக்காது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் 20 அடி முதல் 32 அடி வரையுள்ள மீன்பிடி ஃபைபர் படகுகளைப் பற்றியவை.

அண்ணே, ஃபைபர் போட்டு, வல்லம், விசைப்படகு... எனக்கு எது சரியா வரும்?

எந்தக் கரையில் படகை ஏற்றப்போகிறீர்கள், எந்த வலை போடப்போகிறீர்கள் என்ற இரண்டுக்கும் பதில் சொன்னால் முக்கால்வாசி முடிவாகிவிடும். மணல் கரையில் அலை அடித்துக்கொண்டிருக்கும் ஊர் என்றால், ஆள் கூடித் தள்ளி ஏற்றக்கூடிய ஃபைபர் படகுதான். உள்ளேயே பெரிய எஞ்சின் பொருத்திய விசைப்படகுக்குத் துறைமுகமோ ஆற்று முகத்துவாரமோ வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. அங்கே வத்தை, வல்லம் என்ற சிறு நாட்டுப்படகுகள் இன்னும் நன்றாகத் தொழில் செய்கின்றன.

சட்டத்திலும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. அது சிறு படகுகளுக்கான இடம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரையுள்ள மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் 61 நாள் மீன்பிடித் தடையும் விசைப்படகுகளுக்கானது. முதல் முறை வாங்குகிறவருக்கு நான் விசைப்படகைச் சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் படகு சும்மா நிற்கும்போதும் தவணை நிற்காது.

மொத்தம் எவ்வளவு பணம் வேணும்? போட்டுக்கும் எஞ்சினுக்கும் கையில இருக்கு.

அப்படியென்றால் இன்னும் போதவில்லை. வலை, கயிறு, நங்கூரம், ஐஸ் பெட்டி, ஜிபிஎஸ், வயர்லெஸ், லைஃப் ஜாக்கெட், பதிவுச் செலவு, முதல் மாத எரிபொருள், ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. வலை மட்டும் சில சமயம் படகு விலைக்குப் பக்கத்தில் போய்விடும். வகை வகையாக மீன் வரும் காலத்துக்கு ஏற்ப வலையும் மாற்ற வேண்டும்.

கையில் உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்க முடிகிற அளவுக்குத்தான் படகு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றிலும் புயல் எச்சரிக்கையிலும் எத்தனையோ நாள் கடலுக்குப் போக முடியாது. அந்த நாட்களில் வீட்டையும் படகையும் காப்பாற்றுவது அந்தப் பணம்தான். அது இல்லாதவர் யாரிடம் போய் நிற்கிறார் என்பதைக் கீழே முன்பணம் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

புதுசு வாங்குறதா, பழசு வாங்குறதா?

நல்ல பழைய படகும் புது எஞ்சினும்தான் முதல் முறைக்கு ஏற்றது. புதுப் படகில் பழைய எஞ்சினை மாட்டுவது கண்ணுக்கு அழகாக இருக்கும், கடலில் நம்பிக்கை தராது. ஃபைபரில் சேதம் வந்தால் பெரும்பாலும் கரையில் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். எஞ்சின் பத்து மைலுக்கு அப்பால் நின்றால் யாராவது வந்து இழுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஏராளமான ஃபைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவற்றில் நல்லதும் உண்டு, மெலிந்ததும் உண்டு. அந்தக் காலப் படகு கைக்கு வந்தால் அடுத்த பதிலில் சொல்வதை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

பழைய படகுல எதைப் பார்க்கணும்? பெயிண்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

விற்பனைக்கு முன் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். படகைக் கரையில் ஏற்றி, காய்ந்த நிலையில் பாருங்கள். ஒரு நாணயத்தாலோ சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தாலோ முன்முனையான அணியத்திலிருந்து பின்பலகை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல ஃபைபர் கணீரென்று ஒரே சத்தம் தரும். அடுக்கு விட்டுப்போன இடத்தில் சத்தம் சப்பென்று மாறும். படகின் அடியில் நடுமுதுகாக ஓடும் ஏராப் பக்கம் மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்திருக்கும். அங்கே நார் வெளியே தெரிந்தால் உள்ளே தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது.

அடுத்தது பின்பலகை. பெரும்பாலும் ஃபைபருக்கு நடுவே பிளைவுட் வைத்துக் கட்டுவார்கள். போல்ட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் போய் அந்தப் பிளைவுட் உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சினை மாட்டிவிட்டு அதன் அடிக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். பலகை கூடவே அசைந்தாலோ, மூலையில் முடிபோல விரிசல் தெரிந்தாலோ, போல்ட்டைக் கழற்றினால் பழுப்பு நிறத் தண்ணீர் வடிந்தாலோ, பின்பலகையை முழுக்க மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு படகு பாருங்கள்.

மூன்றாவது, மிதவை அறைகள். மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா? உள்ளே அடைத்த ஃபோம் ஊறிக் கனத்திருக்கிறதா? படகு ஏன் முன்பைவிடக் கனக்கிறது, ஏன் ஏற்றும்போது கூடுதல் ஆள் தேவைப்படுகிறது என்று ஊரில் விசாரித்தால் இதற்கான பதில் தானாக வந்துவிடும்.

புதுசா கட்டக் கொடுக்கிறேன். உள்ளே என்ன போடுறாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?

கட்டும்போது போய் நிற்பதுதான் வழி. அடிப்பகுதிக்கு எத்தனை அடுக்கு மேட் (கண்ணாடி நார் விரிப்பு), எத்தனை அடுக்கு நெய்த ரோவிங் (தடித்த நார்த்துணி), பக்கங்களுக்கு எத்தனை என்று முதலிலேயே தாளில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு அடுக்கும் போடும் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் பட்டறையில் இருக்கட்டும். நாரை இறுக்கும் பசையான ரெசினை ஊற்றிய பிறகு ரோலரால் காற்றுக் குமிழை வெளியேற்றுகிறார்களா என்று பாருங்கள். உள்பக்கம் பெயிண்ட் அடிக்கும் முன், இருட்டிய பிறகு வெளியே ஒரு பலமான டார்ச்சை வைத்து உள்ளிருந்து பாருங்கள். நிறம் அதிகம் கலக்காத ஃபைபர் என்றால் மெலிந்த இடமும் குமிழும் வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

மழை நாளில், ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாது. ஐப்பசி, கார்த்திகையில் திறந்த கொட்டகையில் கட்டச் சொல்லாதீர்கள். மிதவை அறைக்குள் வெறும் தெர்மோகோல் போட்டு அதன்மேல் ரெசின் ஊற்றினால் தெர்மோகோல் கரைந்துபோகும்; பெட்ரோல் பட்டாலும் அப்படியே. பாலியூரிதேன் ஃபோம் கேளுங்கள். கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் படகு கவிழ்ந்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டு மிதக்கப் போகிறீர்கள்.

எத்தனை ஹெச்பி போடலாம்? பக்கத்து போட்டுக்காரர் பெருசா மாட்டியிருக்கார்.

பாரம் ஏற்றிய படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். அதன் வேகத்துக்கு நீளமே ஒரு வரம்பு போட்டுவிடும். தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று, கிடைக்கும். 25 அடி என்றால் சுமார் 6.7 நாட். அதைத் தாண்ட இரண்டு மடங்கு எஞ்சின் போட்டாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும், எரிபொருள்தான் ஓடும். கூடவே பின்பலகையும் விரியும்.

கட்டியவர் எந்த அளவு எஞ்சினுக்குப் பின்பலகை அமைத்தாரோ அதற்கு மேல் போகாதீர்கள். ஓட்டும்போதும் முழு வேகத்தில் பிடித்துக்கொண்டே போக வேண்டாம். முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் கரைக்கு வரச் சில நிமிடம் கூடும், டேங்கில் மிஞ்சுவது அதைவிடப் பெரிது. மீன் ஏலத்துக்கு முந்த வேண்டிய நாள் வேறு. எல்லா நாளும் அந்த அவசரம் இல்லை.

அவுட்போர்டா, லாங் டெயில் டீசல் எஞ்சினா?

இரண்டுமே நம் கரையில் ஓடுகின்றன. லாங் டெயிலில் நீண்ட தண்டைத் தூக்கிவிட்டு அலைக்கு மேலும் வலைக்கு மேலும் படகைக் கொண்டுபோகலாம், டீசல் செலவும் குறைவு, பழுதுபார்க்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு. ஆனால் அதிர்வும் சத்தமும் அதிகம். வருடக்கணக்கில் ஓட்டியவர்களுக்குக் கையும் காதும் போவதை நாங்கள் பார்க்கிறோம். அவுட்போர்டு லேசு, திருப்புவது எளிது, வேகமாகப் போய்வரலாம். எரிபொருளும் உதிரி பாகமும் விலை கூடுதல். கரையோரம் வலை விடுகிறவருக்கு லாங் டெயிலே போதும்.

பழைய அவுட்போர்டு ஒண்ணு சல்லிசா வருது. வாங்கலாமா?

எஞ்சின் சூடாக இருக்கும்போது போகாதீர்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன் முதல் முறையாக இழுக்கச் சொல்லுங்கள். மேல்மூடியைக் கழற்றுங்கள். இடுக்கில் வெள்ளை உப்பு, போல்ட்டுத் தலைகளில் கீறல், ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றிருந்தால் அது கடலில் மூழ்கி எழுந்த எஞ்சினாக இருக்கலாம். அடியில் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

பில்லும் எஞ்சின் எண்ணும் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். திருட்டு எஞ்சின் என்று நாளை போலீஸ் வந்தால் பணமும் போகும், எஞ்சினும் போகும்.

மண்ணெண்ணெய்ல ஓட்டினா எஞ்சின் சீக்கிரம் போயிடும்ங்கிறாங்களே?

மண்ணெண்ணெய்க்கென்று செய்த மாடலை முறையாக ஓட்டினால் போகாது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் விடிகாலையில் எஞ்சின் எழாது. பிளக்கில் கரி சேரும். கழற்றித் துடைப்பதை வழக்கமாக்குங்கள், ஒரு ஜோடி புதுப் பிளக் எப்போதும் படகில் இருக்கட்டும். பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான் எஞ்சினைக் கொல்கிறது.

டூ ஸ்ட்ரோக் ஆயில் எவ்வளவு கலப்பது என்பதைக் கம்பெனிப் புத்தகத்தில் பாருங்கள், பக்கத்து ஆளின் கைக்கணக்கை நம்பாதீர்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைக்கவும் வேண்டாம். இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது கடற்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கரைக்கு வந்ததும் தினமும் எஞ்சினுக்கு என்ன செய்யணும்?

நல்ல தண்ணீரில் ஓட்டி உள்ளே இருக்கும் உப்பைக் கழுவ வேண்டும். பாதி வெட்டிய டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கிச் சில நிமிடம் ஓட்டினால் போதும். ஓடும்போது பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். மெலிந்தால், தண்ணீரை ஏற்றும் இம்பெல்லரை மாற்றும் நேரம். அடியில் உள்ள துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். உப்பு அலுமினியத்தை அரிப்பதற்குப் பதில் அந்தக் கட்டியை அரிக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

எஞ்சின் கடல்ல விழுந்துட்டா?

எடுத்ததும் நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிறை இழுத்துச் சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றி, ஆயில் விட்டு, அன்றைக்கே ஓட வைக்க வேண்டும். கயிறு இறுகி நின்றால் பலவந்தமாக இழுக்காதீர்கள். மெக்கானிக் வர நேரமாகும் என்றால் எஞ்சினை வெயிலில் காய வைப்பதுதான் பெரிய கேடு; காற்றுப் பட்டதும் துரு ஏறிவிடும். மெக்கானிக் வரும்வரை நல்ல தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கட்டும்.

ரிஜிஸ்டர் பண்ணாமலே ஊர்ல பல போட்டு ஓடுதே. கட்டாயமா?

கட்டாயம். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமமும், மத்திய அரசின் ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாகப் பதிவும் வேண்டும். உங்கள் ஊருக்கான மீன்வளத்துறை அலுவலகத்தில் தொடங்குங்கள். எண் ‘ஐஎன்டி டிஎன்’ என்று தொடங்கும். அடுத்து இடத்துக்கான எண், பிறகு மோட்டார் பொருத்திய சிறு படகு என்றால் ‘எம்ஓ’, விசைப்படகு என்றால் ‘எம்எம்’. பழைய படகு வாங்கும்போது படகில் எழுதிய எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

பதிவு இல்லாத படகுக்கு மானிய எரிபொருள் கிடையாது, புயல் நிவாரணம் வாங்க முடியாது, வங்கிக் கடனும் வராது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது கரையில் நின்ற படகுகளே நொறுங்கின. தாள் இல்லாதவர்கள் படகு தங்களுடையதுதான் என்று நிரூபிக்கவே அலைந்தார்கள்.

வியாபாரி முன்பணம் தர்றேங்கிறார். வட்டியே கிடையாதாம். வாங்கிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். வட்டி இல்லை என்பது உண்மைதான். அதற்குப் பதில் பிடித்த மீனை அவரிடம்தான் போட வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குக் கழிவு போகும், விலையையும் பெரும்பாலும் அவரே சொல்வார். முன்பணத்தை முழுக்கத் திருப்பும் வரை இது தொடரும். மீன் அதிகம் கிடைத்தால் அவருக்குப் போவதும் அதிகம். சில வருடம் போனால் வட்டியைவிடக் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள், அசல் அப்படியே இருக்கும்.

வியாபாரி கெட்டவர் என்று சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு எஞ்சின் நின்றால் பணத்தோடு வருகிறவரும் அவராகத்தான் இருப்பார். ஆனால் மீனை யாரிடம் விற்பது என்ற உரிமையை முதல் நாளிலேயே கொடுத்துவிட்டு உரிமையாளர் ஆவதில் என்ன பயன்? முதலில் மீனவர் கூட்டுறவுச் சங்கம், வங்கியில் மீனவர்களுக்கும் கிடைக்கும் கிசான் கடன் அட்டை, வீட்டுப் பெண்களின் சுயஉதவிக் குழு ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். அப்படியும் முன்பணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எவ்வளவு தொகை, எத்தனை சதவீதம் கழிவு, அசல் எப்படிக் கழியும் என்று எழுதி வாங்குங்கள். வலைக்கும் எரிபொருளுக்கும் மட்டும் வாங்குங்கள், படகுக்கே வாங்காதீர்கள். மூன்றில் ஒரு பங்குப் பணத்தைத் தொட வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

மாமன் மச்சான் மூணு பேர் சேர்ந்து வாங்குறோம். எழுதி வைக்கிறது மரியாதையா இருக்குமா?

எழுதாமல் விட்டதால் பேச்சு நின்றுபோன குடும்பங்களைப் பார்த்தபிறகு சொல்கிறேன், முத்திரைத்தாளில் எழுதுங்கள். யார் எவ்வளவு போட்டது, பதிவு யார் பெயரில், எரிபொருளும் சாப்பாடும் கழித்தபின் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் எந்த விலைக்கு என்பதெல்லாம் இருக்கட்டும். பழுதுச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் சண்டை அதிகம் வரும், அதைத் தெளிவாக எழுதுங்கள். பங்குமுறை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் வழக்கத்தையே அடிப்படையாக வையுங்கள்.

இன்சூரன்ஸ் போட்டா நிஜமாவே கிடைக்குமா?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கானது ஒன்று: பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் கிடைக்கும், மீனவர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் ஆட்கள் அனைவரின் பெயரும் அதில் இருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். படகுக்கானது வேறு, அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். எஞ்சின் எண், பதிவு, படங்கள் சரியாக இருந்தால் கேட்கும்போது வலு இருக்கும். கரையில் நிற்கும்போது புயலில் வரும் சேதம் அடங்குமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

என் பையன் நல்லா நீந்துவான் தம்பி. லைஃப் ஜாக்கெட் போட்டா வலை இழுக்க முடியலைங்கிறான்.

அம்மா, நீச்சல் தெரிந்தவர்களும் தலையில் அடிபட்டு மயங்கி விழுகிறார்கள், வலையில் கால் சிக்கி விழுகிறார்கள். வேலை செய்யும்போது இடைஞ்சல் இல்லாத மெல்லிய வகை ஜாக்கெட்டுகள் உண்டு. குறைந்தபட்சம் அலையைக் கடக்கும்போதும் இரவிலும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும், இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே ஏறும்.

படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, படகைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லுங்கள். தேடி வருகிறவர்களுக்குத் தனித் தலையைவிடப் படகுதான் கண்ணில் படும். மிதவை அறை பற்றி மேலே அவ்வளவு சொன்னது அதற்காகத்தான்.

செல்போன் இருக்கே, வயர்லெஸ் எதுக்கு?

கரையைவிட்டுப் போகப்போக சிக்னல் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16ஆம் சானல் ஆபத்துக்கானது; அதில் அரட்டை வேண்டாம். சின்னப் படகில் ஆன்டெனா தாழ்வாக இருப்பதால் அதன் எட்டமும் குறைவுதான். அதனால் கூடப் போகும் படகுகளோடு தொடர்பில் இருங்கள், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் எண் 1093. இரண்டையும் படகின் உள்பக்கம் பெயிண்டால் எழுதுங்கள். கிளம்பும் முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்று கணக்கு வையுங்கள். எதிர்நீவாடு, அதாவது எதிர்த்து ஓடும் நீரோட்டம், இருந்தால் திரும்பும் பங்கு போதாது.

எல்லை தாண்டிப் போயிட்டா படகு திரும்பக் கிடைக்குமா?

பாக் நீரிணையில் கடல் குறுகியது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. ஜிபிஎஸ்ஸில் எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள், இரவில் எஞ்சின் நின்று நீவாடு இழுத்துப்போவதற்கும் தயாராக நங்கூரக் கயிறு போதுமான நீளம் இருக்கட்டும். இலங்கைக் கடற்படை பிடித்தால் ஆட்கள் விடுதலையாகி வந்தாலும் படகு அங்கேயே நிற்கும். வழக்கில் உரிமையாளர் அங்குள்ள நீதிமன்றத்தில் ஆவணங்களோடு ஆஜராக வேண்டியிருக்கும். அப்படியும் படகு நாட்டுடைமையாகிவிடலாம். பதிவு உங்கள் பெயரில் இல்லை என்றால் கேட்கக்கூட வழியில்லை.

போட்டை வித்துட்டேன், ஆனா பேர் மாத்திக் கொடுக்கலை. வாங்கினவர் பிறகு பார்த்துக்கலாம்ங்கிறார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். பதிவில் உங்கள் பெயர் இருக்கும்வரை அந்தப் படகில் கடத்தல் பொருள் பிடிபட்டாலும், யாராவது இறந்தாலும், எல்லையில் சிக்கினாலும் முதல் விசாரணை உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அந்தப் படகின் பேரில் மானிய எரிபொருள் வாங்கி வெளியே விற்றாலும் அப்படியே. வாங்கியவரை அழைத்துக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொடுங்கள். அவர் வர மறுத்தால், இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன் என்று எழுத்தில் மனு கொடுத்து முத்திரை வைத்த நகல் வாங்கி வையுங்கள். இனிமேல் விற்பதாக இருந்தால், பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றும் நாளில்தான் தருவேன் என்று வாங்குகிறவரே சொல்லட்டும், நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள். அப்போது இருவருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போக ஒரு காரணம் இருக்கும்.